எங்கள் கியரைத் திருப்பிக் கொடுங்கள்: சைக்கிள் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் சைக்கிள் செய்கிற கம்பெனிகளின் முதலாளிகளுக்கும், அவற்றை வரைந்து வடிவமைக்கிறவர்களுக்கும், விளம்பரம் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் தஞ்சாவூர்க்காரன். வயது 61. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவையாறு வரை போய்வருவது என் வழக்கம். ஒரு பக்கம் 12, 13 கிலோமீட்டர் இருக்கும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றையும் தாண்டினால் ஊர் வந்துவிடும். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படித்துறையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். கடை திறந்ததும் சூடாக அசோகா அல்வா சாப்பிடுவேன், வீட்டுக்குக் கால் கிலோ கட்டிக்கொள்வேன். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். அவ்வளவுதான் என் சைக்கிள் பயணம்.

அந்தச் சாலையில் சில நாள் பளபளக்கும் உடையும் ஹெல்மெட்டுமாக இளைஞர்கள் கூட்டமாக வருவார்கள். நல்ல பிள்ளைகள். என்னைத் தாண்டும்போது கை காட்டிவிட்டுத்தான் போவார்கள். ஒரு தடவை டீக்கடையில் ஒரு தம்பி என்னிடம், "ஆவரேஜ் எவ்வளவு சார்?" என்று கேட்டார். "கால் கிலோ" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் கேட்டது வேகத்தை என்று எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அந்தத் தம்பி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருக்கு வேகம் பிடிக்கிறது, ஓட்டுகிறார். அவருக்கு ஏற்ற வண்டியை நீங்கள் விதவிதமாகச் செய்து கொடுக்கிறீர்கள். எனக்கு ஏற்ற வண்டியை ஏன் செய்வதில்லை என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் இப்போது ஓட்டுவது 1986ல் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய கறுப்பு வண்டி. 22 இஞ்ச் பிரேம், 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், ஸ்பிரிங் சீட், கேரியர், முழு செயின் கவர். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். இரண்டு பக்கமும் வயல், வாய்க்கால், கொக்கு எல்லாம் கண்ணில் படும். அந்த வண்டியில் எனக்கு ஒரே ஒரு குறை. பாலம் ஏற முடிவதில்லை.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். முன்னால் செயின்வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். சமதரையில் இது அருமையான அளவு. யார் கண்டுபிடித்தார்களோ, புண்ணியவான். ஆனால் 20 கிலோ எடையுள்ள வண்டியில் 61 வயசு முழங்காலோடு வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறும்போது அந்த ஐந்தரை மீட்டர் பெரிய தூரம். சரி, பாலத்திலாவது இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். ஆடி மாதத்தில் திருவையாற்றில் இருந்து காவிரிக்கரையோடு திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் மேற்கே திரும்பிப் பாருங்கள். காற்று முகத்தில் அறையும். அது ஒருபோதும் முடியாத பாலம். இறங்கித் தள்ளவும் முடியாது, நடந்தே வந்திருக்கலாமே என்று தோன்றும்.

இதைச் சொல்லிப் புலம்பியதில்தான் என் மகன் போன வருஷம் என்னைக் கடைக்கு அழைத்துப் போனான். கடையின் பெயரும் வண்டியின் பெயரும் இங்கே வேண்டாம். "கியர் வண்டி வேண்டும், நிமிர்ந்து உட்காரணும், மட்கார்டு, கேரியர், லைட் இருக்கணும்" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கறுப்பு வண்டிகள் நின்ற மூலையைக் காட்டி, "நீங்க கேக்குறதுல பாதி அங்க இருக்கு" என்றார். பிறகு கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் நின்ற வண்டிகளைக் காட்டி, "மீதிப் பாதி இங்க இருக்கு" என்றார். இரண்டு பாதியும் ஒரே வண்டியில் வராதாம்.

மகன் மனம் கோணக் கூடாதென்று கண்ணாடிக்குள் இருந்த ஒன்றை 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 21 கியர். முன்னால் ஒரு ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில் இன்னொரு ஸ்பிரிங். மட்கார்டு கிடையாது. கேரியர் கிடையாது. மணி கூடக் கிடையாது. எல்லாம் எக்ஸ்ட்ரா. ஸ்டாண்டு மட்டும் போனால் போகிறதென்று கடைக்காரர் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு மாதம் ஓட்டினேன். ஹேண்டில் தாழ்வாகவும் எட்டவும் இருந்ததால் உடம்பின் பாரம் பாதி கைக்கு வந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. உள்ளங்கையின் ஓரத்தில் ஓடுகிற நரம்பு அழுந்தினால் அப்படித்தான் ஆகுமாம். கழுத்தை நிமிர்த்தினால் பிடரி வலி, குனிந்தால் தெரிவது தார் ரோடு மட்டும். மழை நாளில் பின் சக்கரம் வாரியடித்த சேறு முதுகில் ஒரு கோடு போட்டது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு அணில் மாதிரி இருக்கிறது என்றார். மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிட்டு மேலும் கீழும் ஆடியது. 21 கியரில் நான் தொட்டது நான்கோ ஐந்தோ. அதுவும் தூசி ஏறிக் கம்பி தளர்ந்ததும் ஒன்றைப் போட்டால் இன்னொன்றில் விழுந்தது.

எங்கள் தெரு ரிப்பேர் கடை அண்ணன் சக்கரத்தின் கோட்டம் எடுத்துக்கொண்டே சொன்னார்: "இது ரேஸ் வண்டியும் இல்ல சார், ரோட்டு வண்டியும் இல்ல. நிறுத்தி வச்சுப் பாக்குற வண்டி." இப்போது அதை என் மகனின் நண்பர் ஓட்டுகிறார். அவருக்கு வயது 19. பிடித்திருக்கிறதாம். நான் பழைய வண்டிக்கே திரும்பிவிட்டேன்.

இனி கியர் விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பில் அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

கியர் என்றாலே பந்தயம் என்று ஒரு எண்ணத்தை உங்கள் விளம்பரங்கள் ஊன்றிவிட்டன. பழைய கதை அப்படி இல்லை. பிரான்சில் சாந்த் எத்தியென் என்ற ஊரில் பால் த விவி என்று ஒருவர் இருந்தார். 1853ல் பிறந்தவர். பட்டு வியாபாரத்தில் இருந்தவர், சைக்கிள் பைத்தியம் பிடித்து அதை விட்டுவிட்டு, 1887ல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். வெலோசியோ என்பது அவருடைய புனைபெயர். பந்தயத்துக்காக இல்லாமல் ஊர் பார்க்கவும் மலை பார்க்கவும் ஓட்டுகிறவர்களுக்கு எழுதியவர் அவர். மலை ஏற வேண்டுமென்றால் ஒற்றைப் பல்சக்கரம் போதாது, மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்று பல வருஷம் கத்திக்கொண்டே இருந்தார், தானே பல வகையைச் செய்தும் பார்த்தார். பந்தயக்காரர்கள் சிரித்தார்கள். டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்குக் கியர் என்றால் ஆகாது. அதெல்லாம் 45 வயசு தாண்டியவர்களுக்கு என்பது அவருடைய கட்சி. அந்தப் பந்தயத்தில் செயினை மாற்றிப் போடுகிற கியரை அனுமதித்தது 1937ல்தான். வெலோசியோ அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1930ல் இறந்துவிட்டார்.

ஆக, கியர் முதலில் எங்கள் சாமான். மெதுவாகப் போகிறவர்கள், வயசானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், மேட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள், இவர்களுக்காகப் பிறந்தது. பந்தயக்காரர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இன்றைக்கு உங்கள் கடைகளில் அது அவர்கள் வண்டியில் மட்டும் இருக்கிறது. தெக்ராஞ் சொன்ன 45 வயசை நான் 16 வருஷத்துக்கு முன்பே தாண்டிவிட்டேன். அவர் கணக்குப்படி எனக்குத்தானே முதலில் கிடைக்க வேண்டும்?

அதே வெலோசியோ தன் வாசகர்களுக்குச் சில யோசனைகள் சொல்லியிருக்கிறார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, பசியும் தூக்கமும் கெடுகிற அளவுக்கு அசதியாகாதே என்ற வகையில் போகும். அவற்றில் ஒன்று, வீம்புக்கு மிதிக்காதே என்பது. உங்கள் விளம்பரப் பிரிவில் யாராவது அதை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

எனக்கு 21 வேண்டாம். மூன்று போதும். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் 1900களின் தொடக்கத்திலேயே ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரில் மூன்று கியர் செய்தார்கள். பின் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் பல்சக்கரங்கள் ஒளிந்திருக்கும். தூசி போகாது, தண்ணீர் போகாது, மேலே முழு செயின் கவர் போடலாம். வண்டி நிற்கும்போதே கியரை மாற்றலாம். நம்மூர் சிக்னலுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர்களுடைய பிரபலமான மாடலில் நடு கியர் சாதாரண சைக்கிள் போலவே ஓடும். கீழ் கியரில் ஒரு சுற்றுக்கு அதில் முக்கால் பங்கு தூரம்தான் போகும், அதனால் மிதிக்க லேசாக இருக்கும். மேல் கியர் அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். என் கறுப்பு வண்டியில் அதைப் பூட்டினால் ஐந்தரை மீட்டர் என்பது பாலத்தில் நான்கு மீட்டராகும், இறக்கத்தில் ஏழு மீட்டரைத் தாண்டும். குடமுருட்டிப் பாலத்துக்கு நான்கு மீட்டர் போதும். அந்தக் கம்பெனியை 2000ல் தைவானைச் சேர்ந்த சன்ரேஸ் நிறுவனம் வாங்கி, இன்றைக்கும் செய்கிறது. ஜப்பானின் ஷிமானோவும் இதே வகையில் மூன்று கியர் செய்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் பழசான ஒரு சாமானைத்தான் கேட்கிறேன், ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

ஜப்பானில் அம்மாக்கள் ஓட்டுகிற வண்டி என்ற பொருளில் மாமாச்சாரி என்று ஒரு வகை உண்டு. முன்னால் கூடை, தாழ்வான பிரேம், செயின் கவர், விளக்கு, ஆடாமல் நிற்கிற ஸ்டாண்டு, எல்லாமே வண்டியோடு வரும். வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, காய்கறி வாங்குகிற பாட்டி எல்லோரும் அதில்தான் போகிறார்கள். நெதர்லாந்தில் ஆட்களைவிட சைக்கிள் அதிகம். எங்கள் டெல்டா மாதிரியே தட்டையான நாடு, எங்கள் ஆடி மாதிரியே காற்று. அவர்கள் ஓட்டுவது என் கறுப்பு வண்டிக்கு அக்கா முறை: நிமிர்ந்த உட்காரல், மட்கார்டு, கேரியர், மூடிய செயின், பூட்டு. அதன் பின்சக்கரக் குடத்துக்குள் சத்தமில்லாமல் கியர் இருக்கும். கோட் சூட் போட்டவர்கள் கூட ஓட்டுகிறார்கள், யாரும் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை.

நம்மிடம் கௌரவம் ஒரு பெரிய சிக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். கறுப்பு வண்டி என்றால் ஏழை வண்டி என்று ஒரு முத்திரை. அந்த முத்திரையைக் குத்தியதில் உங்களுக்கும் பங்கு உண்டு. என் வண்டி மாதிரியான ஒன்றை நீங்கள் இன்னும் செய்கிறீர்கள், ஆனால் அதைத் தொட்டுப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது? மழையில் கம்பி பிரேக் வழுக்குகிறது, பிடிப்பதற்குள் மாடு தாண்டிப் போய்விடுகிறது. ஈரமான இரும்பு ரிம்மில் ரப்பர் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியாதா? சக்கரத்தை அலுமினியமாக மாற்றினாலே பாதிக் குறை தீரும்.

பெண்கள் வண்டி என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கிற தாழ்ந்த பிரேம் பற்றியும் ஒரு வார்த்தை. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கிறது இல்லையா, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் வந்து பாருங்கள். பேத்திக்கு வந்த வண்டியைத் தாத்தா ஓட்டிக்கொண்டிருப்பார். வேட்டியோடு, பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போடாமல், சுலபமாக ஏறி இறங்கலாம். யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. நானும் அந்த வயசை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வண்டிகள் பள்ளிப் பிள்ளைகள் அளவுக்குச் செய்தவை. தாத்தாவின் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது. அதே பிரேமை உயரமானவர்களுக்கும் ஒரு அளவில் செய்தால் என்ன?

இதற்கு நேர்மாறான கதையும் பக்கத்து மாவட்டத்தில் நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முயற்சியில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலர் ஆண்கள் வண்டியைத்தான் விரும்பினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். அவர்களுக்கு எது சௌகரியமோ அதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் ஒட்டுகிற லேடீஸ், ஜென்ட்ஸ் லேபிளை ஓட்டுகிறவர்கள் எப்போதோ கிழித்துவிட்டார்கள்.

என் மனைவி சைக்கிளை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது. சேலை முந்தானை பின்சக்கரத்தில் சிக்கி விழுந்ததுதான் காரணம். அந்தக் காலத்து லேடீஸ் வண்டிகளில் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வலை கட்டியிருக்கும். அதை எந்த வருஷம் எதற்காக நிறுத்தினீர்கள் என்று தெரிந்தால் அவருக்குச் சொல்கிறேன்.

சீட் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெத்து மெத்தென்று பஞ்சு வைத்தால் சுகம் என்று நினைக்கிறார்கள். கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கும்போது சுகம்தான். அரை மணி நேரத்தில் எலும்பு பஞ்சுக்குள் இறங்கி, சதை எல்லாப் பக்கமும் அழுந்தத் தொடங்கும். குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒடுங்கிய சீட் சரி. நிமிர்ந்து ஓட்டுகிறவருக்குப் பாரம் முழுக்கப் பின்னால் விழுகிறது, அவருக்கு அகலமான, கொஞ்சம் விறைப்பான, அடியில் ஸ்பிரிங் வைத்த சீட்தான் வேண்டும். என் தோல் சீட்டுக்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று. என் உடம்பின் அச்சு அதில் பதிந்திருக்கிறது. வீட்டில் வேறு எந்த நாற்காலியும் அவ்வளவு பொருந்துவதில்லை.

டயர் விஷயத்தில் நான் வாதாடவே தேவையில்லை, பந்தயக்காரர்களே மனம் மாறிவிட்டார்கள். ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரில் ஓட்டியவர்கள் இன்றைக்கு 28, 30 என்று அகலப்படுத்திக்கொண்டு போகிறார்கள். கரடுமுரடான சாலையில் அகலமான டயர் உடம்பை உலுக்காது, வேகமும் குறையாது என்று கண்டுகொண்டார்கள். என் வண்டியில் இருப்பது ஒன்றரை இஞ்ச் டயர், அதாவது 38 மில்லிமீட்டர். இன்னும் கொஞ்ச வருஷத்தில் அவர்கள் எங்களிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

சௌகரியத்தைப் பந்தய விதி எப்படி ஒதுக்கித் தள்ளும் என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. 1933ல் பிரான்சில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் சாய்ந்து படுத்தபடி மிதிக்கிற ஒரு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டி, 19 வருஷப் பழைய சாதனையை முறியடித்தார். அடுத்த வருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வகை வண்டிகளைச் சாதனைக் கணக்கில் இருந்து தள்ளிவைத்துவிட்டது. பந்தயத்தில் இல்லாததால் கடைகளிலும் அது பெருகவில்லை. பயப்படாதீர்கள், அப்படி ஒரு வண்டியை நான் உங்களிடம் கேட்கவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே எங்கள் ஊர் மினி பஸ் டிரைவர்கள் கண்ணில் படுவதில்லை.

விலை கூடிவிடும், யார் வாங்குவார்கள் என்பீர்கள். என்னிடமே 18,000 ரூபாய் வாங்கினீர்களே. அந்த வண்டியில் இருந்த இரண்டு ஸ்பிரிங்கையும், தேவையில்லாத 18 கியரையும், பிரேம் முழுக்க ஒட்டிய மின்னல் ஸ்டிக்கரையும் கழித்துவிட்டு, அந்தக் காசில் மட்கார்டும் கேரியரும் குடத்துக்குள் ஒரு கியரும் வையுங்கள். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டியை 12ல் இருந்து 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். அந்த மிச்சத்தில் ஒரு டைனமோ விளக்குக்கு இடம் இருக்குமே. பழைய டைனமோ டயரில் உரசிக்கொண்டு உறுமும், மிதிக்கக் கனக்கும், இப்போது எல்.இ.டி. வந்துவிட்டதால் கொஞ்ச மின்சாரத்திலேயே நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

சாலை சரியில்லை, பஸ்காரர்கள் ஒதுங்க விடுவதில்லை என்பதெல்லாம் உண்மைதான். அதை வேறு ஒருவருக்கு எழுத வேண்டும், எழுதுவேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியை வரைகிறவர்களில் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்புங்கள். ஆடி மாதமாக இருந்தால் நல்லது. நீங்கள் விற்கிற வண்டியில் அவர் வரட்டும், என்னுடையதில் நான் வருகிறேன். வெட்டாற்றுப் பாலம் தாண்டியதும் வண்டியை மாற்றிக்கொள்வோம். திருவையாறு போய்த் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் திரும்பி, எதிர்காற்றில் ஐந்து கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பிவிடலாம். அசோகா என் செலவு. அவர் வேட்டியில் வந்தால் இன்னும் விசேஷம்.

காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். பஞ்சர் கிட்டும் பம்பும் கையில் எடுத்துவரச் சொல்லுங்கள். வழியில் எனக்குத் தெரிந்த பஞ்சர் கடை கண்டியூரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எட்டு மணிக்குத்தான் கடை திறப்பார்.

இப்படிக்கு,
தஞ்சாவூரில் இருந்து ஒரு கறுப்பு வண்டிக்காரன்